நுவரெலியாவுக்குப் போன பானை

டிசம்பர் வந்தால் கொழும்பில் இருப்பவர்களுக்கு நடுங்க ஆசை வந்துவிடும். வாடகைக்கு ஒரு வான் வண்டி பிடித்துக்கொண்டு எங்கள் மாத்தளைக்கு வந்து, ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் மலை ஏறி, காற்றில் கையை விரித்து நின்று போட்டோ எடுத்துவிட்டுப் போவார்கள். மாத்தளையில் இருக்கும் எங்களுக்கு அந்தக் குளிர் போதாது. நாங்கள் வான் பிடித்துக்கொண்டு நுவரெலியாவுக்குப் போவோம். நுவரெலியாவில் இருப்பவர்கள் லீவுக்கு எங்கே போகிறார்கள் என்று அங்கே மரக்கறி விற்கிற ஒருவரிடம் கேட்டேன். கொழும்புக்கு என்றார். வெயில் காயவாம்.

இதில் யாருக்கு அறிவு இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் எனக்குக் குளிர் பிடிக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் எழுதப்போவதைப் படித்தால், இவளுக்கு ஊர் சுற்றவே பிடிக்காது போலிருக்கிறது என்று நினைப்பீர்கள்.

நான் மாத்தளையில் ஒரு பள்ளிக்கூடக் கன்டீனில் சமைக்கிறேன். பதினேழு வருடமாக. தகரக் கூரை, இரண்டு பெரிய அடுப்பு, ஒரே ஒரு ஜன்னல். அந்த ஜன்னலில்தான் பிள்ளைகள் கை நீட்டுவார்கள் என்பதால் அதில் காற்றும் வராது. காலையில் ரொட்டியும் பருப்பும், இடைவேளைக்கு ரோல்ஸ், பகலுக்குச் சோறு. இப்படிப்பட்ட ஒருத்திக்கு மூக்கு நுனி குளிர்வது பெரிய சொகுசு. டிசம்பரில் பள்ளிக்கூடம் மூடும்போது கன்டீன் அடுப்பும் மூடும். வீட்டு அடுப்பு மூடாது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எங்கள் வீடு அலுவிகாரையில். கொழுந்தன் வீடு அடுத்த வேலி. வருடா வருடம் டிசம்பரில் இரண்டு வீடும் சேர்ந்து ட்ரிப் போவோம். நானும் என் கணவரும், கொழுந்தனும் அவர் மனைவியும், இரண்டு வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர், வான் ஓட்டுகிறவர். மொத்தம் எட்டுப் பேர். வான் ஓட்டுகிறவர் மாத்தளை டவுன் முஸ்லிம். கொழுந்தனோடு ஒன்றாகப் படித்தவர். அவரைத் தவிர வேறு யாரையும் நாங்கள் கூப்பிட்டதில்லை, வேறு யாரும் எங்களோடு வரவும் மாட்டார்கள்.

ட்ரிப் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெண்கள் விடியும் முன் எழுந்து சமைப்பார்கள். சோறு, பருப்பு, சோயா மீட், காய்ந்த மிளகாய் இடித்த கட்டைச் சம்பல். எல்லாவற்றையும் லஞ்ச் சீட் என்கிற பிளாஸ்டிக் தாளில் கட்டிப் பார்சலாக்குவார்கள். ஆண்கள் எழுந்து குளித்து, வானில் பாட்டுப் பெட்டி வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள். போகிற வழியில் ஆறோ நீர்வீழ்ச்சியோ வந்தால் பெண்கள் மறுபடியும் அடுப்பு மூட்டுவார்கள், ஏனென்றால் இயற்கைக் காட்சிக்குப் பக்கத்தில் சமைத்தால் அது சமையல் இல்லையாம், சந்தோஷமாம். வெளிச் சாப்பாடு எங்கள் குடும்பத்தில் யாருக்கும் ஒத்துக்கொள்ளாது. அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள். என் கணவர் வேலைக்குப் போகும் நாளில் கடையில் இரண்டு கொத்து ரொட்டி சாப்பிடுவார். அது ஒத்துக்கொள்ளும். ட்ரிப் போகும்போதுதான் ஒத்துக்கொள்ளாது.

நுவரெலியாவில் வாவிப் பாதையில் ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதற்கு நேர் எதிரே வான்கள் நிறுத்தும் இடம். மூன்று வருடம் தொடர்ந்து நாங்கள் அங்கேதான் வானை நிறுத்திச் சாப்பிட்டோம். வானுக்குள் உட்கார்ந்து, மடியில் லஞ்ச் சீட்டை விரித்து, விறைத்த விரலால் பிசைந்து. அந்த ஊர்க் குளிருக்குத் தேங்காயெண்ணெய் உறைந்துபோகும். பருப்பின் மேல் வெள்ளையாக மெழுகு மாதிரி நிற்கும். நான் சமைத்த பருப்பு. காலையில் நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாவது வருடம் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் வயது இருக்கும். கம்பளித் தொப்பி போட்டிருந்தாள். வெயிட்டர் வந்து குனிந்து ஏதோ கேட்டார். அவள் உடனே பதில் சொல்லவில்லை. கன்னத்தில் கையை வைத்து யோசித்தாள். அவ்வளவுதான் நடந்தது. என்ன சாப்பிடலாம் என்று ஒரு பெண் யோசித்தாள், ஒரு ஆள் பக்கத்தில் நின்று காத்திருந்தார். நான் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “என்ன வேணும்” என்று நான் ஒரு நாளைக்கு இருநூறு தடவை கேட்கிறேன். என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை.

அடுத்த நவம்பரில் கொழுந்தன் ட்ரிப் பேச வந்தபோது, எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன்.

“நான் வர்றேன். ஆனா இந்த வாட்டி ஒரு பானையையும் தொட மாட்டேன். பார்சலும் கட்ட மாட்டேன். அந்தக் கண்ணாடிக் கடையில உக்காருவேன். ஒரு ஆளு வந்து என்கிட்ட என்னா வேணும்னு கேக்கணும். நான் சொல்லணும். அவரு கொண்டுவந்து வைக்கணும். இது நடக்கும்னா வர்றேன். இல்லாட்டி நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டுல படுத்துத் தூங்குறேன்.”

என் கணவர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே “சரி” என்றார். கொழுந்தன், “அதுக்கென்னா அண்ணி, ஜாம் ஜாம்னு செஞ்சிருவோம்” என்றார். அவர் மனைவி, என் ஓரகத்தி, தலையைக் குனிந்துகொண்டாள். காலால் தரையில் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கடையில் என்ன சாப்பிடலாம் என்று அப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

போகிற அன்று காலை நல்ல பனி. அலுவிகாரைப் பக்கம் பாதையே தெரியவில்லை. நான் குளித்து, புடவை கட்டி, மேலே குளிருக்கு ஜக்கெட் போட்டு, வெறுங்கையோடு வந்து வானில் ஏறினேன். எங்கள் திருப்திக்காக டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்த வான்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

“என்னா அக்கா, இன்னிக்கி கைய வீசிக்கிட்டு வாறீங்க. லீவா?”

“லீவுதான்.”

“அல்லாஹ் காப்பாத்தணும்,” என்றார். யாரை என்று சொல்லவில்லை.

கண்டியில் இறங்கி அரை மணி நேரம் நடந்தோம். நத்தார் என்கிற கிறிஸ்மஸ் காலத்தில் கண்டி டவுன் நடப்பதற்கு நல்ல ஊர். கடை வாசலெல்லாம் பஞ்சை ஒட்டிப் பனி என்று வைத்திருந்தார்கள். பஞ்சுக்குப் பக்கத்தில் ஒருவர் இளநீர் விற்றார். வாவிக் கரையில் மரத்துக்கு மரம் மின்குமிழ் சுற்றியிருந்தார்கள், பகலில் அது வெறும் வயர். பிள்ளைகள் அதற்கு முன்னாலும் போட்டோ எடுத்தார்கள். நான் குளத்துச் சுவரில் சாய்ந்து, கையில் ஒரு பையும் இல்லாமல் நின்றேன். என் கை என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கியது. நல்ல உணர்ச்சி.

கம்பளை தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் சத்தம் கேட்டது.

வளைவில் வான் சரியும்போது பின்னாலிருந்து ‘கிண்’ என்று ஒரு சத்தம். அடுத்த வளைவில் ‘சர்ர்’ என்று ஒரு இழுப்பு. பிறகு மறுபடியும் கிண். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். கன்டீனின் பெரிய அலுமினியப் பானை, விடுமுறையில் திருட்டுப் போகாமல் இருக்க என் வீட்டில்தான் கிடக்கும். அதன் மூடியில் பிடி கழன்றுபோய் நான்தான் கம்பி வைத்துக் கட்டினேன். கம்பி தட்டினால் கிண். மூடி வழுக்கினால் சர்ர். பதினேழு வருடமாக நான் கேட்கிற சத்தம். என் பிள்ளை அழுதால்கூட அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்க மாட்டேன்.

நான் திரும்பிக் கொழுந்தனைப் பார்த்தேன். கொழுந்தன் எட்டிப் பாட்டின் சத்தத்தைக் கூட்டினார்.

“பாட்டக் கூட்டினா மூடி சும்மா இருக்குமா மச்சான்?” என்று கேட்டார் வான்காரர்.

புசல்லாவை முழுவதும் கிண், சர்ர் என்று தாண்டினோம். இரண்டு பக்கமும் தேயிலை, மேலே மேகம். மிகவும் அழகாக இருந்ததாகப் பிள்ளைகள் பிறகு சொன்னார்கள்.

ரம்பொடையில் நீர்வீழ்ச்சி தெரிகிற இடத்தில் வானை நிறுத்தினார்கள். படுக்கை விரிப்புகளுக்கு அடியிலிருந்து பானை வந்தது. பிறகு கேஸ் குக்கர் அடுப்பு. பிறகு ஒரு அரிசி மூட்டை.

“அண்ணி, கோவப்படாதீங்க,” என்றார் கொழுந்தன். “நீங்க ஒன்னையும் தொட வேணாம். சொன்னா சொன்னதுதான். இன்னிக்கி ஆம்பளைங்க சமைக்கிறோம். நீங்க ராணி மாதிரி உள்ள உக்காந்திருங்க.”

“ராணி ரோட்டுல பானை பொங்குறதப் பாத்துக்கிட்டு உக்கார மாட்டா. கடையில சாப்பிடுவா.”

“கடைக்கும் போவோம். நுவரெலியாவுல போவோம். இது வழிச் சாப்பாடு,” என்றார் என் கணவர். “டிரைவரும் இருக்காருல்ல. அவருக்குக் கண்ட கடையில சாப்பிட ஏலுமா?”

“என்னய இதுல இழுக்க வேணாம்,” என்றார் வான்காரர். “ஹலால் போட்ட கடை வழி நெடுக இருக்கு. எனக்குத் தின்ன ஏலும்.” சொல்லிவிட்டு அப்படி ஒரு கடையைத் தேடி நடந்தே போய்விட்டார். அந்த ட்ரிப்பில் எனக்குச் சாதகமாகச் சாட்சி சொன்ன ஒரே ஆள்.

நான் வானுக்குள் ஏறி, கண்ணாடியை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். தொட மாட்டேன் என்று சொன்னால் தொட மாட்டேன். வாயாலும் தொட மாட்டேன் என்று முடிவு செய்தேன்.

இப்போது அவர்கள் செய்த தவறைச் சொல்ல வேண்டும். அந்தப் பானையில் எண்பது பேருக்குச் சோறு வடிக்கலாம். என் கணவரும் கொழுந்தனும் அதைக் கன்டீனில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார்கள், தூக்கி இறக்கவும் வந்திருக்கிறார்கள். ஆனால் எப்போது பார்த்தாலும் அது நிறைந்துதான் இருந்திருக்கிறது. அவர்கள் மனதில் பானை என்றால் அரிசி அந்த அளவுக்கு வர வேண்டும், தண்ணீர் இந்த அளவுக்கு வர வேண்டும். எட்டுப் பேருக்கு ஏழு சுண்டு, ஒன்றரைக் கிலோ அரிசி போதும். அவர்கள் மூட்டையை அவிழ்த்து முழுவதையும் கொட்டினார்கள். இன்னும் நிறையவில்லையே என்று என் கணவர் பானைக்குள் எட்டிப் பார்த்ததை நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேண்டுமென்றுதான் சொல்லவில்லை. கஷ்டப்படட்டும் என்று நினைத்தேன். இதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, ஆனால் அது எனக்கே வினையாக வந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ரம்பொடையில் காற்று அடித்தால் மனிதன் நிற்பதே கஷ்டம். குக்கர் நெருப்பு படுத்துக்கொண்டே எரிந்தது. கொழுந்தன் படுக்கை விரிப்பைப் பிடித்து மறைத்தார். விரிப்பு காற்றில் கப்பல் பாய் மாதிரி உப்பி, அவரை இரண்டு அடி இழுத்துக்கொண்டு போனது. ஒன்றேகால் மணி நேரம் கழித்து அரிசி ஊதத் தொடங்கியது. முதலில் மூடியைத் தூக்கியது. பிறகு விளிம்பைத் தாண்டியது. வாளியில் அள்ளினார்கள். வாளி நிறைந்தது. பிள்ளைகள் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்த பெட்டியில் அள்ளினார்கள். அதுவும் நிறைந்தது. பானை குறையவே இல்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு சிங்களக் குடும்பம் வானை நிறுத்தி இறங்கியது. அப்பா, அம்மா, நான்கு பிள்ளைகள். பெரிய பானை, வாளி நிறையச் சோறு, பாதையோரம் வியர்த்து நிற்கும் இரண்டு ஆண்கள். அந்த அப்பா மரியாதையாகச் சிங்களத்தில் கேட்டார், இது தன்சலா என்று. புத்தர் பிறந்த வெசாக் காலத்தில் பாதையோரம் வருகிறவர்களுக்கெல்லாம் சும்மா சாப்பாடு கொடுப்பார்களே, அது. டிசம்பரில் தன்சல் இல்லை என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்தப் பானைக்கு அவருக்கு வேறு விளக்கம் கிடைக்கவில்லை.

இல்லை என்று சொல்லக் கொழுந்தனுக்கு வெட்கம். ஆமாம் என்று சொல்லிவிட்டார். அவர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். பின்னால் வந்த இன்னொரு வானும் நின்றது. நடுவில் அரிசியாகவே இருந்த சோற்றை, கை கூப்பிப் புண்ணியம் சொல்லி வாங்கி, ஒரு வாய் வைத்துவிட்டு மெதுவாக வான் பக்கம் நகர்ந்தார்கள். நல்ல மனிதர்கள். எங்கள் ஆட்கள் முன்னால் துப்பவில்லை.

இரண்டு வான் ஆட்களுக்குக் கொடுத்தும், எங்கள் ஆட்கள் சாப்பிட்டும், பானையில் முக்கால்வாசி மிச்சம். நான் சாப்பிடவில்லை. பசிக்கவில்லை என்றேன். என் கணவர் பானையை மூடி, மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு, நான் பயந்துகொண்டிருந்ததைச் சொன்னார்.

“இவ்வளவு சோறு இருக்கு. இதை வச்சிக்கிட்டுக் கடைக்குப் போய்ச் சாப்பிட்டா அது பாவம். ரெண்டு நாளைக்கு இதுவே காணும்.”

சோற்றைக் கொட்டச் சொல்ல எனக்கு வாய் வராது. எந்தச் சமையல்காரிக்கும் வராது. அது அவருக்குத் தெரியும். என் கண்ணாடிக் கடைக்கும் எனக்கும் நடுவில் இப்போது அறுபது பேருக்கான சோறு இருந்தது, அந்த அரிசியைப் பானையில் கொட்டும்போது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

நுவரெலியாவுக்குள் நுழையும்போது மாலை. கதவைத் திறந்ததும் குளிர் கன்னத்தில் அறைந்தது. வாடகைக்கு எடுத்த வீட்டில் பைகளை வைத்துவிட்டு வாவிக்கு நடந்தோம். தண்ணீரின் மேல் பனி உட்கார்ந்திருந்தது. படகுகள் வாத்து உருவத்தில். அதில் ஏறி மிதித்தவர்கள் எல்லோரும் பெரிய ஆட்கள், பிள்ளைகள் கரையில் நின்று போட்டோ எடுத்தார்கள். குதிரை ஒன்று யாரையும் ஏற்றாமல் அசையாமல் நின்றது. பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. என் கணவர் பேசப் பேசப் புகை வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன், என்ன பேசினார் என்று தெரியாது. அவித்த சோளம் ஒன்று வாங்கினேன். கையில் பிடித்தால் சூடு முழங்கை வரை ஏறியது. கோபமாக இருந்தேன், ஆனாலும் அந்தச் சோளம் நன்றாக இருந்தது. இரண்டாவதும் வாங்கினேன். வீட்டுக்கு வந்து அவர்கள் சோற்றைச் சுடவைத்துச் சாப்பிட்டபோது போர்வையை இழுத்து மூடிப் படுத்துக்கொண்டேன்.

காலையில் என் ஓரகத்தி வந்து, நடக்கப் போவோமா அக்கா என்று கேட்டாள். அவள் என்னைவிட எட்டு வயது இளையவள். ட்ரிப்பில் நான் சமைத்தால் அவள் தேங்காய் துருவுவாள், நான் கிளறினால் அவள் கழுவுவாள். எங்கள் இருவருக்கும் பேச்சு என்பதே அடுப்படியில் எதை எடு, எதை வை என்பதுதான்.

இரண்டு பேரும் டவுன் பக்கம் இறங்கினோம். செங்கல் நிறத் தபால் கந்தோர்க் கட்டடத்தைச் சுற்றி நடந்தோம். மார்க்கெட்டில் கரட்டும் லீக்ஸும் கழுவி அடுக்கியிருந்தார்கள். வழக்கமாக நான் அங்கே நின்று விலை கேட்பேன். அன்று நின்று பார்த்தேன், அவ்வளவுதான். நடைபாதையில் குவித்துப்போட்டு விற்ற வெளிநாட்டுப் பழைய ஜக்கெட்டுகளில் அவள் ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். ஏதோ பனி நாட்டில் ஒரு பெரிய ஆண் போட்டது, கை முட்டியைத் தாண்டித் தொங்கியது. அதைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

“பானையக் கழுவி வச்சது நான்தான் அக்கா.”

நான் நின்றேன்.

“அவரு சொன்னாரு, வச்சேன். ஆனா அவரு சொல்லாட்டியும் வச்சிருப்பேன். நீங்க சமைக்க மாட்டேன்னு சொல்லிட்டீங்க. நீங்க சொன்னா கேக்குறாங்க. கடைசில இவங்க கடைக்குப் போக மாட்டாங்க அக்கா. பசிக்குதும்பாங்க. அப்ப என்னயத்தான் பாப்பாங்க. பானையும் இல்லாம நான் எதுல பொங்குறது?”

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தேடினேன். அவள் மேல் வைக்க இடமில்லை. அந்த ஜக்கெட்டைக் கழற்று, உனக்குப் பெரிது என்று மட்டும் சொன்னேன். அவள் கழற்றி மடித்து வைத்தாள். விற்கிறவரே மடிக்காத துணியை இவள் மடித்தாள்.

பகல் சாப்பாட்டுக்கு வான் போய் நின்ற இடம் எதுவென்று நான் சொல்லத் தேவையில்லை. அதே இடம். எதிரே அதே கண்ணாடி. லீவுக் கூட்டம், உள்ளே மேசைகள் நிறைந்திருந்தன. என் கணவர் பின்கதவைத் திறந்து பானையை இழுத்தார். கிண். நுவரெலியாக் குளிரில் சோறு கெடாது, அது என் துரதிர்ஷ்டம். ஒரே கட்டியாக இறுகிப் பானையின் உருவத்தில் நின்றது. கொழுந்தன் ஒரு பிளாஸ்டிக் தட்டைக் குத்தி, கேக் வெட்டுவதுபோல வெட்டினார்.

நான் இறங்கினேன்.

“எங்க போற?” என்றார் என் கணவர்.

“சாப்பிட.”

“சோறு இங்கதான இருக்கு.”

“ஆமா. அதனாலதான் அங்க போறேன்.”

பாதையைக் கடந்தேன். பின்னால் யாரும் வரவில்லை. கதவைத் தள்ளியதும் உள்ளே சூடும் வெண்ணெய் வாசமும் அடித்தன. வெயிட்டர் எத்தனை பேர் என்று சிங்களத்தில் கேட்டார். ஒருத்தி என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார். நரைத்த மீசை, என்னைவிட மூத்தவர். நானுஓயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆள் என்று பிறகு சொன்னார். கண்ணாடி ஓரம் ஒரு மேசை அப்போதுதான் காலியானது. உட்கார்ந்தேன். வெளியே எங்கள் வான் தெரிந்தது.

அவர் குனிந்து கேட்டார். “என்னா வேணும் அக்கா?”

ஒரு வருடமாக நான் காத்திருந்த கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. ஒன்றுமே மனதில் வரவில்லை. பருப்பு, சம்பல், ரோல்ஸ், என் கை செய்வதெல்லாம்தான் வந்தது.

“கொஞ்சம் யோசிக்கணும்,” என்றேன்.

“யோசிங்க. ஒரு அவசரமும் இல்ல,” என்றார். நின்றார். கூட்டம் நிறைந்த கடையில், கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, எனக்காக நின்றார். எனக்குக் கண் எரிந்தது. வெளிக் குளிரிலிருந்து சூட்டுக்குள் வந்தால் அப்படித்தான் எரியும்.

“நான் வீட்டுல செய்யாத ஏதாவது சொல்லுங்க. சோறு வேணாம். சோத்துக்குச் சொந்தக்காரங்க யாரும் வேணாம்.”

அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். காளான் சூப்பும், சீஸ் போட்டுச் சுட்ட பாண் டோஸ்டும் கொண்டுவருவதாகச் சொன்னார். சரி என்றேன்.

சூப் வருவதற்குள் கதவு திறந்தது. என் ஓரகத்தி. ரப்பர் செருப்போடு, மேசைகளுக்கு நடுவில், யார் மேலும் படாமல் ஒடுங்கி வந்து என் பக்கத்தில் நின்றாள்.

“அவரு உங்களக் கூட்டிக்கிட்டு வரச் சொன்னாரு அக்கா.”

“சரி. சொல்லிட்டீல்ல. உக்காரு.”

“நானுமா?”

“கதிரை அதுக்குத்தான் இருக்கு.”

உட்கார்ந்தாள். கதிரையின் நுனியில், எந்த நேரமும் எழும்பலாம் என்பதுபோல. வெயிட்டர் வந்து அவளிடம் என்ன வேணும் என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் வெளியே பார்த்துக்கொண்டேன். நான் சொல்லிக் கொடுத்தால் அது அவள் கேட்டதாக ஆகாது. வெகு நேரம் கழித்து, காதில் விழாத குரலில், ஐஸ்கிரீம் என்றாள். வெளியே ஆட்கள் நடுங்கிக்கொண்டு நடக்கிறார்கள். இவள் ஐஸ்கிரீம் என்கிறாள். வெயிட்டர் என்ன ருசி என்று கேட்டார். ஸ்ட்ரோபெரி என்றாள், இம்முறை உடனே. எப்போதோ முடிவு செய்து வைத்திருந்திருக்கிறாள்.

சூப் வந்தது. முதல் கரண்டி நாக்கைச் சுட்டது. உப்பு கொஞ்சம் குறைவு. நான் செய்திருந்தால் மிளகும் சேர்த்திருப்பேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. குறைவான உப்போடு, கடைசிச் சொட்டுவரை குடித்தேன். பாணைப் பிய்த்தால் சீஸ் நூலாக இழுபட்டது. அவள் ஐஸ்கிரீமைக் கரண்டி நுனியால் எடுத்து, பல் கூசி, கண்ணை மூடி, மறுபடியும் எடுத்தாள்.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். என் கணவர். வெளியே, காற்றில், ஒரு கையில் சோற்றுத் தட்டு. மற்றக் கையின் மூன்று விரலைச் சேர்த்துத் தேய்த்துக் காட்டினார். உப்பு எங்கே என்று கேட்கிறார். உப்பு டின் வானின் முன் சீட்டுக்கு அடியில், சிவப்புப் பைக்குள் இருந்தது. என் ஓரகத்தி வைத்தாள், நான் பார்த்தேன். இவள் எழும்பப் போனாள். மேசைக்கு அடியில் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். தெரியாது.

அவர் கொஞ்ச நேரம் நின்று எங்களைப் பார்த்தார். என் சூப் கிண்ணத்தைப் பார்த்தார். அவளுடைய ஐஸ்கிரீமைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிற முகம். மூன்று வருடம் என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். பிறகு பாதையைக் கடந்து போய், பின்கதவில் உட்கார்ந்து, உப்பில்லாமல் சாப்பிட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் எனக்கே தெரியாமல் நான் கிண்ணத்தைத் தட்டின் மேல் வைத்தேன், கரண்டியைக் கிண்ணத்துக்குள் வைத்தேன். நிமிர்ந்தால், என் ஓரகத்தியும் தன் கோப்பையை அதன் மேல் அடுக்கிவிட்டு, மேசையில் சிந்திய பாண் தூளை உள்ளங்கையால் கூட்டிக்கொண்டிருந்தாள். கூட்டி மறு கையில் ஏந்தி, எங்கே கொட்டுவது என்று தேடினாள்.

“கைய எடு,” என்றேன்.

“இல்லக்கா, அப்படியே கிடக்குதேன்னு…”

“கிடக்கட்டும். கைய எடு.”

எடுத்தாள். பாண் தூள் மறுபடியும் மேசையில் விழுந்தது. நான் அடுக்கியதைக் கலைத்து, கிண்ணத்தைக் கிண்ணம் இருந்த இடத்திலும் தட்டைத் தட்டு இருந்த இடத்திலும் வைத்தேன். இரண்டு பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு, வெயிட்டர் வந்து எடுக்கும்வரை, அந்த அழுக்குத் தட்டுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் வர நேரமானது. வெளியே பனி இறங்கி வானை மறைத்துவிட்டது.